எந்த நிறுவனம் என்று சொல்லமாட்டேன்: புதிய டேப்லெட்டில் வரிகள் சாய்கின்றன

#1 ஓரக்கண்

புதிதாக ஒரு டேப்லெட் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. ஒரு கையில் பிடித்துப் படிக்கத் தோதான சிறிய அளவு. நான் மெய்ப்புத் திருத்துபவள். நாள் முழுவதும் பக்கங்கள் கண்ணைக் கடந்துகொண்டே இருக்கும். அதனால் ஒரு வரி கோணினால் மற்றவர்களுக்கு முன்பாகவே எனக்கு உறுத்திவிடும்.

உறுத்தியது இதுதான். டேப்லெட்டை நெட்டுவாக்கில் பிடித்துப் பக்கத்தை விரலால் மேலே தள்ளும்போது வரிகள் நேராக ஏறுவதில்லை. இடது முனை முன்னே ஓடுகிறது. வலது முனை ஈரத்துணியின் நுனிபோலப் பின்னால் இழுபடுகிறது. தள்ளுவதை நிறுத்தியதும் எல்லாம் ஒழுங்காகிவிடும். திரைப்பிடிப்பு எடுத்துப் பார்த்தால் வரிகள் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருக்கின்றன. அதனால் யாரிடமும் நிரூபிக்க முடியவில்லை. சேவை மையத்தில் காட்டினேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நான்கு முறை தள்ளிப் பார்த்துவிட்டு, "இது இயல்பானதுதான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிய இன்னும் 9 நாள் இருக்கிறது. இது என் கைக்கு வந்த ஒரு கருவியின் குறையா, அந்த மாதிரி முழுவதன் குறையா? வேறொன்று மாற்றிக் கேட்பதா, பணத்தைக் கேட்பதா?

எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அதன் பின்னால் போய்விடும், என் வரிகள் சாய்ந்தபடியே இருக்கும்.

#2 மாற்றுக்கட்சி

எந்த நிறுவனம் என்று சொல்லாவிட்டால் எப்படிப் பதில் சொல்வது?

#3 கருவிக்காதலன்

அதையேதான் நானும் கேட்கிறேன். எது என்று தெரிந்தால்தானே இது உண்மையான குறையா, உங்கள் கண்ணின் குறையா என்று சொல்ல முடியும்?

#4 அரைக்கிழம்

மேலே உள்ள பதிவை இன்னொரு முறை மெதுவாகப் படித்துப் பாருங்கள், கருவிக்காதலன். நீங்கள் எழுதியதுதான்.

#5 திருப்புளி

அம்மா, மூன்று கேள்விகள். படுக்கைவாக்கில் பிடித்துப் பக்கத்தை மேலே தள்ளினால் சாய்கிறதா? வேகமாகத் தள்ளினால் சாய்வு கூடுகிறதா? எல்லாச் செயலிகளிலும் உண்டா, ஒன்றில் மட்டுமா?

#6 ஓரக்கண்

படுக்கைவாக்கில் இல்லை. சுத்தமாக மறைந்துவிடுகிறது. வேகம் கூடினால் சாய்வும் கூடுகிறது. எல்லாச் செயலிகளிலும் உண்டு. அமைப்புகள் பட்டியலைத் தள்ளும்போதுகூட.

#7 திருப்புளி

அப்படியானால் உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. கருவி பழுதாகவும் இல்லை. நடப்பதைச் சொல்கிறேன்.

எல்சிடி திரை ஒரு படத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை மொத்தமாக மாட்டுவதில்லை. சுவருக்கு வெள்ளையடிப்பவர் ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்குப் போவதுபோல வரிசை வரிசையாக மாற்றிக்கொண்டே போகும். 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது நொடிக்கு 60 முறை படத்தை மாற்றும் திரையில், அந்த ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 16.7 மில்லிநொடி ஆகும். அதாவது தொடங்கிய முனையில் புதிய படம் வந்துவிட்டபோது முடியும் முனையில் இன்னும் பழைய படமே இருக்கும்.

இந்த ஓட்டம் மேலிருந்து கீழாக அமைந்தால், பக்கத்தைத் தள்ளும்போது வரிகளுக்கு இடையே உள்ள வெளி ஒரு மயிரிழை கூடும் அல்லது குறையும். யாருக்கும் தெரியாது. ஓட்டம் இடமிருந்து வலமாக அமைந்தால்தான் வம்பு. கணக்கைப் பாருங்கள்: நொடிக்கு 1,200 பிக்சல் வேகத்தில் பக்கம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 20 பிக்சல். உங்கள் கண்ணோ எழுத்தோடு சேர்ந்தே மேலே போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே கடைசியில் மாறும் வலது விளிம்பு, முதலில் மாறிய இடது விளிம்பைவிட ஏறத்தாழ 20 பிக்சல் தாழ்ந்து நிற்பதாகத் தெரியும். சிறிய எழுத்தில் அது அரை வரி. மெய்ப்புத் திருத்துபவருக்கு உறுத்தாமல் என்ன செய்யும்?

120 ஹெர்ட்ஸ் திரையில் சுற்று 8.3 மில்லிநொடியில் முடிந்துவிடும். சாய்வு பாதியாகும், ஒழியாது.

ஓட்டம் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது திரையை இயக்கும் மின்சுற்றை எந்த விளிம்பில் பொருத்தினார்கள் என்பதைப் பொறுத்தது. உள்ளே பேட்டரிக்கும் ஒலிபெருக்கிக்கும் இடம் ஒதுக்கியபின் மிஞ்சிய விளிம்பில் அதை வைப்பார்கள். வேறொன்று மாற்றி வாங்கினாலும் அதே விளிம்பில்தான் இருக்கும்.

#8 மாற்றுக்கட்சி

கண்டுபிடித்துவிட்டேன். 2021 செப்டம்பரில் வந்த ஆறாம் தலைமுறை ஐபேட் மினி. இதே குறைக்குத்தான் அப்போது 'ஜெல்லி' என்று பெயர் வைத்தார்கள். எல்சிடி திரைகளில் இது இயல்பானதே என்று ஆப்பிளும் பதில் சொன்னது. சேவை மையத்தில் உங்களுக்குச் சொன்னதும் அதே சொல். வேறு எந்த நிறுவனமாவது இப்படிச் செய்துவிட்டு இயல்பு என்று சொல்லித் தப்பிக்க முடியுமா? அந்த ரசிகர்கள் இருக்கும்வரை அவர்களுக்கு என்ன கவலை?

#9 கருவிக்காதலன்

வந்துவிட்டார். எல்சிடி என்றால் அப்படித்தான் என்று திருப்புளி இப்போதுதானே இயற்பியலோடு விளக்கினார்? நிறுவனம் சொன்னதும் அதையேதான். உண்மையைச் சொன்னால் தப்பிப்பதா?

#10 ஓரக்கண்

ஊகங்களுக்கு ஆமென்றும் சொல்லமாட்டேன், இல்லையென்றும் சொல்லமாட்டேன். திருப்புளிக்கு நன்றி. மூன்று வாரமாக எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

#11 திருப்புளி

என்னைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம், கருவிக்காதலன். வரிசையாக மாறுவது எல்சிடியின் இயல்பு. அது சரி. ஆனால் படிப்பதற்கென்றே செய்த கருவியில், மனிதர்கள் படிக்கப் பிடிக்கும் வாக்கில் அது கண்ணில் படும்படி மின்சுற்றை வைத்தது இயற்பியல் அல்ல, அது வடிவமைப்பாளரின் முடிவு. ஐபேட் மினியைப் பிரித்துப் பார்த்தவர்கள் இதைத்தான் சொன்னார்கள்: அதே காலத்து ஐபேட் ஏரில் மேல் விளிம்பில் இருக்கும் மின்சுற்று, மினியில் பக்கவாட்டு விளிம்புக்கு வந்திருந்தது. இரண்டும் எல்சிடிதான்.

#12 மாற்றுக்கட்சி

இதைத்தான் நானும் சொல்கிறேன்.

#13 திருப்புளி

நீங்கள் அதைச் சொல்லவில்லை. ரசிகர்களைப் பற்றிச் சொன்னீர்கள்.

உங்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். உங்கள் டேப்லெட்டை, எந்த நிறுவனமானாலும் சரி, எடுத்துக்கொள்ளுங்கள். நெட்டுவாக்கிலும் படுக்கைவாக்கிலும் மாற்றி மாற்றிப் பிடித்து, ஒவ்வொரு வாக்கிலும் மேலும் கீழுமாக ஒரு முறை, இடவலமாக ஒரு முறை வேகமாகத் தள்ளுங்கள். நிமிர்ந்த கோடுகளும் படுத்த கோடுகளும் உள்ள ஒரு பக்கம் இருந்தால் நல்லது, கட்டம் போட்ட கணக்குத்தாள் போல. என்ன தெரிகிறது என்று எழுதுங்கள்.

#14 கருவிக்காதலன்

ஓரக்கண் அவர்களே, மெதுவேகக் காணொளி ஏதாவது எடுத்தீர்களா? நினைவிலிருந்து சொல்வதை வைத்து எவ்வளவு நேரம் பேசுவது?

#15 ஓரக்கண்

நேற்று இரவு எடுத்தேன். நொடிக்கு 240 படம். திரை 60 ஹெர்ட்ஸ் என்பதால் ஒரு சுற்றுக்கு நான்கு படம் கிடைக்கிறது. ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தேன். முதல் படத்தில் இடது ஓரம் மட்டும் மேலே போயிருக்கிறது. அடுத்ததில் பாதி. மூன்றாவதில் முக்கால். நான்காவதில் வலது ஓரம் வந்து சேர்கிறது. 'கொண்டிருக்கின்றனர்' என்ற ஒரே சொல்லில் முதல் நான்கு எழுத்து ஓர் உயரத்திலும் மீதி வேறோர் உயரத்திலும் இருந்த ஒரு படத்தை எடுத்து வைத்திருக்கிறேன். அச்சில் இப்படி வந்திருந்தால் அந்த அச்சகத்துக்கு மறுபடி போகமாட்டேன்.

#16 கருவிக்காதலன்

மன்னிக்கவும், இது நிரூபணம் ஆகாது. கைப்பேசிக் கேமராவின் உணரியும் ஒரே கணத்தில் முழுப் படத்தையும் பிடிப்பதில்லை. அதுவும் வரிசை வரிசையாகத்தான் பதிகிறது. ஓடும் ரயிலிலிருந்து படம் எடுத்தால் கம்பங்கள் சாய்ந்து தெரிவது அதனால்தான். உங்கள் வரிகளைச் சாய்த்தது கேமராவாக இருக்கலாம்.

#17 திருப்புளி

சபாஷ். இந்த இழையில் நீங்கள் எழுதியதிலேயே உருப்படியான பதிவு இதுதான். கிண்டலாகச் சொல்லவில்லை.

ஓரக்கண், கைப்பேசியை 90 பாகை திருப்பிப் பிடித்து இன்னொரு முறை எடுங்கள். பிறகு தலைகீழாகப் பிடித்து ஒரு முறை. சாய்வு கேமராவால் வந்ததென்றால் கேமராவைத் திருப்பும்போது அதுவும் மாறும். திரையால் வந்ததென்றால் கேமரா எந்த வாக்கில் இருந்தாலும் இடது ஓரம்தான் முதலில் மாறும்.

#18 ஓரக்கண்

மூன்று வாக்கிலும் எடுத்தாயிற்று. சாய்வின் அளவில் இம்மி வித்தியாசம் இருக்கிறது. ஆனால் எப்போதும் இடது ஓரம்தான் முதலில். கருவிக்காதலன், கேட்டதற்கு நன்றி. நீங்கள் கேட்காவிட்டால் அரைகுறை ஆதாரத்தோடு சேவை மையத்துக்குப் போய் நின்றிருப்பேன்.

#19 கருவிக்காதலன்

சரி. ஏற்கிறேன். ஆனால் இதெல்லாம் ஒரு பெரிய குறையா? எத்தனை பேருக்குத் தெரியப்போகிறது?

#20 அரைக்கிழம்

இந்தப் படிக்கட்டை நான் பல முறை பார்த்துவிட்டேன். முதல் படி: அப்படி ஒன்று இல்லவே இல்லை. இரண்டாவது: இருக்கிறது, ஆனால் எல்லாக் கருவியிலும் உண்டு. மூன்றாவது: உண்டு, ஆனால் பெரிதல்ல. நான்காவது: நீ பிடிக்கும் விதம் தவறு. கருவிக்காதலன் இப்போது மூன்றாவதில் நிற்கிறார்.

நான்காவது படியைக் கட்டியவர் ஸ்டீவ் ஜாப்ஸ். 2010இல் ஐபோன் 4இன் இடது கீழ் மூலையைக் கை மூடினால் சிக்னல் விழுந்தது. அப்படிப் பிடிக்காதீர்கள் என்று ஒரு வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலில் பதில் எழுதினார். அடுத்த மாதமே செய்தியாளர்களை அழைத்து, எல்லோருக்கும் இலவச உறை தருகிறோம் என்று அறிவிக்க வேண்டி வந்தது. இடைப்பட்ட நாட்களில், தாம் கைப்பேசியை எப்போதுமே விரல் நுனியால்தான் பிடிப்பதாக எழுதிய ஒருவரோடு நான் இரண்டு இரவு சண்டை போட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவரை நினைத்து அல்ல, இரண்டு இரவை நினைத்து.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறேன் என்று மாற்றுக்கட்சி மகிழ வேண்டாம். 2011 டிசம்பரில் ஆசுஸ் ட்ரான்ஸ்ஃபார்மர் பிரைம் வந்தது. முதுகு முழுவதும் அலுமினியம், பார்க்க அவ்வளவு அழகு. உலோகம் செயற்கைக்கோள் சமிக்ஞையை மறைத்தது. ஜிபிஎஸ் திணறியது. நிறுவனம் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? அம்சப் பட்டியலிலிருந்து ஜிபிஎஸ் என்ற வரியை எடுத்துவிட்டது. 2012இல் கீழே செருகிக்கொள்ள ஒரு தனித் துண்டு இலவசமாகத் தந்தது. அந்தக் கருவியை நான் வாங்கியிருந்தேன். டேப்லெட்டை வைத்துக்கொண்டு யார் வழி தேடுவார்கள் என்று அப்போது எழுதியவன் நான்தான்.

#21 தூரிகை

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். படம் வரைவது என் பிழைப்பு. 2018 ஐபேட் புரோ வளைந்த கதையை யாரும் சொல்லவில்லையே?

#22 அரைக்கிழம்

சொல்லுங்கள், கேட்கிறோம்.

#23 தூரிகை

அந்த மாதிரியின் தடிமன் 5.9 மில்லிமீட்டர். பெட்டியைத் திறக்கும்போதே லேசாக வளைந்திருந்ததாகப் பலர் படம் போட்டார்கள். தயாரிப்பு முறையால் வரும் சிறு வளைவு, குறையல்ல என்றது ஆப்பிள். 2019 ஜனவரியில் ஓர் அளவையும் வெளியிட்டது: எந்தப் பக்கத்தின் நீளத்திலும் 400 மைக்ரான் வரை விலகல் இருக்கலாம், அது நான்கு தாள்களின் தடிமனைவிடக் குறைவு.

அன்று இரவு என் ரசிக நண்பர் ஒருவர் நான்கு தாளை அடுக்கிப் படம் எடுத்து அனுப்பினார், 'இவ்வளவுதான்' என்று. எதிர்முகாம் நண்பர் அதே நான்கு தாளைப் படம் எடுத்து அனுப்பினார், 'இவ்வளவு!' என்று. தாள் ஒன்றுதான்.

வரைபவர்களுக்கு அது பொருட்படுத்த வேண்டியதுதான். மேசைமேல் தட்டையாக வைத்து எழுதுகோலால் ஒரு மூலையை அழுத்தும்போது கருவி ஆடினால் கோடு நடுங்கும். நான் என்னுடையதைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்து, ஒரு மூலையின் அடியில் தாளைச் செருகிப் பார்த்தேன். இரண்டு தாள் போனது, மூன்றாவது போகவில்லை. நிறுவனத்தின் கணக்கில் தேர்ச்சி. அடியில் ரப்பர் விரிப்பைப் போட்டுக்கொண்டு வரைகிறேன்.

#24 மாற்றுக்கட்சி

குறை தெரிந்தும் அதிலேயே இருக்கிறீர்கள். இதற்குப் பெயர்தான் விசுவாசம்.

#25 தூரிகை

நான் விசுவாசி அல்ல, சிறைவாசி. ஒன்பது ஆண்டுகளில் வரைந்தது எல்லாம் ஒரே செயலியின் கோப்பு வடிவில் இருக்கிறது. வெளியே எடுத்தால் அடுக்குகள் குலைந்துவிடும், நானே செய்த தூரிகை முனைகள் வராது. எழுதுகோல் வேறு கருவியில் வேலை செய்யாது. விட்டுப் போவதென்றால் வீட்டைக் காலி செய்வதுபோல. இதை யாரும் அன்பு என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

#26 மட்டுறுத்துநர்

ஓரக்கண் வைத்திருப்பது எது என்று பந்தயம் கட்டிய மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். நான்காவதையும் நீக்குவேன்.

#27 மௌனவாசகி

பந்தயம் கட்டியவர்களில் நானும் ஒருத்தி, மன்னிக்கவும். பரிகாரமாக ஒரு பழைய கதை.

1956இல் ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். வீட்டு உபயோகப் பொருள்களைப் பெண்களிடம் கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னார். பிறகு இரண்டு பொருளைக் காட்டி, ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றார். எடுத்த பின் மறுபடி மதிப்பெண். எடுத்ததன் மதிப்பு ஏறியிருந்தது, விட்டதன் மதிப்பு இறங்கியிருந்தது. இடையில் அந்தப் பொருள்களில் எதுவும் மாறவில்லை. இந்தச் சோதனை முறையின் கணக்கில் ஓட்டை இருக்கிறது என்று பிற்பாடு சிலர் வாதாடினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கருவிக்காதலன் சொல்வார்.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஹென்றி தாஜ்ஃபெல் செய்தது. பள்ளிச் சிறுவர்களிடம் க்ளே, காண்டின்ஸ்கி என்ற இரு ஓவியர்களின் படங்களைக் காட்டி, உனக்குப் பிடித்தவர் இன்னார், ஆகவே நீ இந்தக் குழு என்று பிரித்தார். பிரித்தது உண்மையில் குருட்டாம்போக்கில். குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. பிறகு மற்றவர்களுக்குப் பணம் பங்கிடச் சொன்னார். தன் குழுவுக்குக் கூடுதலாகக் கிடைக்க வழி இருந்தபோதும், அதைக் குறைத்துக்கொண்டாவது மறு குழுவைவிட அதிகம் பெறும்படி பங்கிடவே பலரும் சாய்ந்தார்கள்.

இங்கே ஓரக்கண் பெயரைச் சொல்லாததால் யார் எந்தக் குழு என்று தெரியாமல் இரண்டு பேர் தவித்ததை நான் ரசித்தேன். #2, #3 பதிவுகளைச் சொல்கிறேன்.

#28 கருவிக்காதலன்

படிக்கட்டு, பள்ளிச் சிறுவர்கள், எல்லாம் கேட்டாயிற்று. நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அந்த நிறுவனத்தில் பங்கு கிடையாது. அவர்கள் எனக்கு எதுவும் தருவதில்லை. ஆனால் நான் சொல்லித்தான் என் அக்காவும் மாமாவும், அலுவலகத்தில் ஒன்பது பேரும் அதே டேப்லெட்டை வாங்கினார்கள். சிலர் கையைக் கடித்துக்கொண்டு வாங்கினார்கள். எதில் கோளாறு என்றாலும் முதல் அழைப்பு எனக்குத்தான் வரும். 'நீதானே சொன்னாய்' என்றுதான் பேச்சே தொடங்கும். அதில் ஒரு குறை என்று எங்காவது படித்தால், பதினோரு பேர் முகமும் வரிசையாக வந்து நிற்கும். என் விரல் தானாகவே 'எல்லாக் கருவியிலும் உண்டு' என்று தட்டத் தொடங்கிவிடுகிறது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

#29 அரைக்கிழம்

கருவிக்காதலன், என் படிக்கட்டில் இதற்கு ஒரு படி இல்லை. பதினைந்து ஆண்டுகளாக உங்களைப் போன்றவர்களோடு சண்டை போட்டிருக்கிறேன், ஒருவரும் இதைச் சொன்னதில்லை.

#30 திருப்புளி

என் மேசைக்கு வருபவர்களில் பாதிப் பேர் இவர்தான். போன மாதம் ஒருவர் வந்தார். டேப்லெட்டின் திரை ஓர் ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்குத் தூக்கியிருந்தது. இருட்டில் பார்த்தால் அந்த இடுக்கில் பின்னொளி கசிவது தெரியும். உறை இறுக்கமாக இருந்ததால் சட்டம் நெளிந்துவிட்டது என்று சாதித்தார். கருவியைக் கண்ணாடிமேல் குப்புற வைத்து ஒரு தட்டுத் தட்டினேன், பம்பரம்போலச் சுற்றியது. உள்ளே பேட்டரி உப்பித் திரையை நடுவில் தள்ளிக்கொண்டிருந்தது. லித்தியம் பேட்டரியை எந்நேரமும் முழு மின்னேற்றத்தில், சூட்டில் வைத்திருந்தால் உள்ளே உள்ள திரவம் சிதைந்து வாயு சேரும். எந்த நிறுவனத்துக்கும் இதில் விலக்கில்லை. இதை விளக்கியதும் அவர் கேட்டது: "பேட்டரி என்று ரசீதில் எழுத வேண்டுமா?" வீட்டில் அவர்தான் வாங்கச் சொல்லியிருக்கிறார்.

யாராவது உப்பிய பேட்டரியோடு டேப்லெட்டை வைத்திருந்தால், மின்னேற்ற வேண்டாம், அழுத்தித் திரையை மூட வேண்டாம், குத்த வேண்டாம். அணைத்துவிட்டு, எரியக்கூடிய பொருள் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, பழுது பார்ப்பவரிடம் கொண்டு போங்கள். விசுவாசத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

#31 மாற்றுக்கட்சி

கட்டம் போட்ட பக்கத்தில் சோதித்தேன், திருப்புளி.

நெட்டுவாக்கில் மேலும் கீழும் தள்ளினால் ஒன்றுமில்லை. அதே வாக்கில் இடவலமாகத் தள்ளினால் நிமிர்ந்த கோடுகள் சாய்கின்றன. படுக்கைவாக்கில் பிடித்து மேலே தள்ளினால் படுத்த கோடுகள் சாய்கின்றன. லேசாக.

நான் எப்போதும் படுக்கைவாக்கில்தான் பிடிப்பேன். இரண்டு ஆண்டாகக் கண்ணில் படவே இல்லை. இப்போது அது மட்டும்தான் தெரிகிறது. உங்களுக்கு நன்றி சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை.

#32 கருவிக்காதலன்

எல்லாக் கருவியிலும் உண்டு.

#33 மாற்றுக்கட்சி

இதை எத்தனை நாளாகச் சேமித்து வைத்திருந்தீர்கள்?

#34 தூரிகை

இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் சிரிப்பதை இன்றுதான் பார்க்கிறேன்.

ஆனால் முணுமுணுப்பவர்கள் இல்லாவிட்டால் எதுவும் சரியாவதில்லை என்பதையும் யாராவது சொல்லுங்கள். 'குறை சொல்பவர்களை விடுங்கள், வேலையைப் பாருங்கள்' என்ற தொனி வந்துவிடப் போகிறது.

#35 அரைக்கிழம்

சொல்கிறேன். 2012இல் வந்த கூகுளின் நெக்ஸஸ் 7 டேப்லெட் நினைவிருக்கிறதா? வாங்கிய புதிதில் பறக்கும். சில மாதம் போனதும் ஒரு செயலியைத் திறக்கவே கொட்டாவி விடும். ஃபிளாஷ் நினைவகத்தில், அழித்த கோப்பின் இடம் காலி என்பதை அதற்கு எடுத்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எழுதும்போதெல்லாம் குப்பையையும் சேர்த்துச் சுமக்கும். அப்படிச் சொல்லும் ட்ரிம் வசதி 2013 ஜூலையில் ஆண்ட்ராய்டு 4.3 பதிப்போடு வந்தது. பழைய கருவி மறுபடி மூச்சு விட்டது.

அடுத்தது சர்ஃபேஸ் புரோ 4. 2015இல் வந்த கருவி. சூடேறினால் திரை நடுங்கும். ஃப்ரீசரில் பத்து நிமிடம் வைத்தால் நடுக்கம் நிற்கிறது என்று வாங்கியவர்கள் சொல்லி அப்படியே செய்து காட்டினார்கள். வேலைக்கான கணினியை ஐஸ்கட்டிக்குப் பக்கத்தில் வைத்து எடுத்துப் பயன்படுத்தியவர்கள் அவர்கள். யாரும் இதைச் செய்யாதீர்கள், வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும். 2018 மே மாதம்தான் மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டு, வாங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு வரை இலவசமாக மாற்றித் தருவதாகச் சொன்னது. அதுவரை, மென்பொருள் இயக்கியைப் புதுப்பியுங்கள் என்று எத்தனை ரசிகர்கள் எத்தனை பேருக்குப் பாடம் நடத்தினார்கள் என்பது வேறு கதை.

#36 மௌனவாசகி

'இயல்பு' என்று சொன்னதும் திரும்பிப் போயிருந்தால் அந்த மூன்று ஆண்டும் கிடைத்திருக்காது, இல்லையா? ஓரக்கண், கெடு என்ன ஆயிற்று?

#37 ஓரக்கண்

இன்று மறுபடி போனேன். காணொளியை எடுத்துக்கொண்டு போனேன். அதே நபர். இந்த முறை குறை என்ற சொல்லையே பயன்படுத்தவில்லை. "நீங்கள் இயல்பு என்றீர்கள், ஒப்புக்கொள்கிறேன். விற்பனைக்கு வைத்திருக்கும் புதியதை எடுங்கள், இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்" என்றேன். எடுத்தார். காட்சிக்கு வைத்திருந்த கருவியிலும் வரி சாய்ந்தது. அவர் டேப்லெட்டைத் திருப்பினார், நேரானது. மறுபடி நிமிர்த்தினார், சாய்ந்தது. திருப்பித் திருப்பி ஆறேழு முறை பார்த்தார். பிறகு தன் சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"நானும் இதைத்தான் வைத்திருக்கிறேன்" என்றார்.

அதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும்போல இருந்தது. கெடு முடியாததால் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். காரணம் என்ற கட்டத்தில் 'வாடிக்கையாளர் விருப்பம்' என்று எழுதினார். குறை என்று எழுத அந்தப் படிவத்தில் தனிக் குறியீடு வேண்டுமாம், அதற்கு மேலிடம் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். விட்டுவிட்டேன்.

#38 கருவிக்காதலன்

நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. ஆனால் 'வாடிக்கையாளர் விருப்பம்' என்று எழுதவிட்டது தவறு. நிறுவனத்தின் கணக்கில் உங்கள் வரிகள் இன்னும் நேராகத்தான் இருக்கின்றன.

#39 அரைக்கிழம்

இதை எழுதியது கருவிக்காதலன்தானா? கணக்கை யாராவது திருடிவிட்டார்களா?

#40 மாற்றுக்கட்சி

இப்போதாவது சொல்லுங்கள். திருப்பிக் கொடுத்தது எது?

#41 ஓரக்கண்

மாட்டேன்.

#42 கருவிக்காதலன்

சரி, புதிதாக ஏதாவது வாங்கினீர்களா? அது எது?

#43 ஓரக்கண்

வாங்கினேன். அதையும் சொல்லமாட்டேன். கொஞ்சம் பெரியது. கை வலிக்கிறது. பேட்டரி நன்றாக நிற்கிறது. நேற்று இருநூறு பக்கம் திருத்தினேன், ஒரு வரியும் ஆடவில்லை.

#44 திருப்புளி

படுக்கைவாக்கில் திருப்பித் தள்ளிப் பார்த்தீர்களா?

#45 ஓரக்கண்

பார்த்தேன். சாய்கிறது. நான் அப்படிப் படிப்பதில்லை.